காரில் போட்ட கேஸ்

என் மனைவி ஜெபகனிக்குச் சிகரெட் நாற்றம் ஆகாது. ஆகவே நான் வீட்டில் புகைப்பதில்லை. அருமனையிலிருந்து தக்கலை வரை, காருக்குள்தான் என் சுதந்திரம். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சுக்கு அவளும் அதே காரில்தான் வருவாள், முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு.

2011 சித்திரையில் கார் ஏசி குளிர மறுத்தது. பதினெட்டு வருஷப் பழைய கார். ஜெபகனியே போன் போட்டு மெக்கானிக் கிருஷ்ணமணியை வரவழைத்தாள். எனக்கு ஒரே சந்தோஷம்.

மாலையில் சாவியைத் தரும்போது கிருஷ்ணமணி குரலைத் தாழ்த்தினான்.

"அண்ணே, பழைய கேஸ் இப்போ வரத்து இல்ல. பகரம் வேற கேஸ் போட்டிருக்கேன்."

"குளிருமா?"

"நல்லா குளிரும். உள்ள இருந்து சிகரெட் மட்டும் பத்த வச்சிரப்பிடாது."

"வச்சா?"

அவன் ஆகாயத்தைப் பார்த்தான்.

"அடுப்பு கேஸுக்குச் சொந்தக்காரன் அண்ணே இது."

அதுவரை எனக்குத் தெரிந்த கேஸ் இரண்டு. ஒன்று அடுப்பில் எரிவது. மற்றது என் தம்பி கோர்ட்டில் போட்ட வேலிக் கேஸ். இப்போது மூன்றாவது, என் முழங்காலுக்கு முன்னால் வந்து உட்கார்ந்துவிட்டது. பின்னால் பெட்ரோல், முன்னால் கேஸ், நடுவில் நான்.

ஏசி 'உஸ்' என்றால் என் உயிரும் 'உஸ்' என்றது. தக்கலையில் ஒருவர் பீடியோடு ஜன்னலில் குனிந்து, "அண்ணாச்சி, பேச்சிப்பாறைக்கு எப்படிப் போகணும்?" என்றார். "ஓடும் ஓய், ஓடும்!" என்று கத்திவிட்டு, மறுபக்கக் கதவைத் திறந்து நானே ஓடினேன். சர்ச் திருவிழாவுக்கு வெடி போடுகிறார்கள் என்று, அரை மைல் தள்ளி ரப்பர் தோட்டத்தில் காரை நிறுத்தினேன்.

"ஏன் இம்புட்டு தூரம் நடக்க வைக்கிய?" என்றாள் ஜெபகனி.

"நடக்கது உடம்புக்கு நல்லதுட்டி."

"கை ஏன் நடுங்குது?"

"ஏசி குளிரு."

"ஏசியப் போடவே இல்லியே!"

மறுநாளிலிருந்து பஸ்ஸில் போனேன். நான்காம் நாள் பஸ் ஸ்டாண்டில் ரசலையனைப் பார்த்தேன். குவைத்தில் பத்து வருஷம் கார் ஏசி வேலை பார்த்தவர். விஷயத்தைச் சொன்னேன். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

"ஓய் யேசுரத்தினம், பழைய கேஸுக்குப் பகரமா இங்க எல்லாரும் போடுத கேஸ் தீயே பிடிக்காது. உம்ம யாரு இப்பிடி பேடிக்க வச்சது?"

யாரென்று எனக்குத் தெரியாதா! பெட்டிக்கடையில் ஒரு பாக்கெட் வாங்கினேன். வீட்டு முற்றத்தில் காரில் ஏறினேன். கண்ணாடிகளை ஏற்றினேன். ஏசியைப் போட்டேன். சிகரெட்டை வாயில் வைத்தேன்.

ஜெபகனி வந்து கண்ணாடியைத் தட்டினாள். இறக்கினேன்.

"எல்லாம் தெரிஞ்சாச்சுட்டி! இது தீப்பிடிக்காத கேஸாம். ரசலையன் சொல்லியாச்சு!"

"சரிதான். நான்தான் கிருஷ்ணமணிய அப்பிடிச் சொல்லச் சொன்னேன்."

"கள்ளி!" தீக்குச்சியை எடுத்தேன்.

"ஆனா அந்தக் கேஸ் லீக்காகிப் போச்சு. நீங்க பஸ்ல போன நேரம் கிருஷ்ணமணி வந்து வேற போட்டாரு. இதுதான் அடுப்பு கேஸுக்குச் சொந்தம்."

"பொய்!"

"பொய்யின்னா உரசுங்க. நான் கொஞ்சம் தள்ளி நிக்கேன்."

மாமரம் வரை போனாள். பிறகு யோசித்து, அடுத்த வீட்டு மதில் வரை போனாள்.

குச்சி பெட்டிமேல் நின்றது. காரை விட்டுக் குதித்து, கிருஷ்ணமணிக்குப் போன் போட்டேன்.

"சத்தியமா சொல்லு. எனக்க கார்ல இப்போ இருக்கது எந்தக் கேஸ்?"

அந்தப் பக்கம் அவன் மறுபடியும் குரலைத் தாழ்த்தினான்.

"அக்கா எந்தக் கேஸுன்னு சொன்னாவளோ, அந்தக் கேஸுதான் அண்ணே."