ஸ்டார் அக்காவின் எட்டாவது வேஷம்

உலகத்திலேயே தோசை கேட்பவனுக்கு நடிப்புச் சொல்லிக்கொடுத்த ஒரே கடை மலேசியாவில் எங்கள் கலும்பாங் ஊரில்தான் இருந்தது. கடைக்காரர் ஸ்டார் அக்கா. தூக்கக் கலக்கத்தில் "ரெண்டு தோசை" என்றால் கரண்டியை நீட்டுவார்.

"மூஞ்சில பசியே தெரியலையே. ஒன் மோர்!"

செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டும் மீசைக்காரர்கள்கூட மூன்று தடவை முகத்தைச் சுளித்துக் காட்டிவிட்டுத்தான் சாப்பிட்டார்கள்.

அக்கா மெட்ராசில் ஏழு படங்களில் நடித்தவர். ஏழிலும் கதாநாயகனின் தங்கை, ஏழிலும் இடைவேளைக்கு முன்பே சாவு. கோலாலம்பூருக்குக் கலைநிகழ்ச்சிக்கு வந்தவரை ஒருவர் மாலையோடு வந்து மடக்கிக் கல்யாணம் செய்துகொண்டார்.

"நாப்பது லோரி ஓடுதுன்னாரு தம்பி. பொய் சொல்லல, ஓடத்தான் செஞ்சுது. அதுல ஒண்ண இவரு ஓட்டுனாரு."

அந்த மனிதரும் போய்ச்சேர்ந்தார். மிஞ்சியது ஒரே மகள், பக்கத்து டவுன் கோலா குபு பாருவில் ஆபீஸ் வேலை. அம்மாவின் சினிமாப் பேச்சைக் கேட்டாலே அவளுக்கு எரியும்.

"டயலாக் போதும் லா ம்மா. மானம் போவுது."

சுங்கை சோவிலிருந்து அவளைப் பெண் பார்க்க வந்தார்கள். வீட்டில் ஆண்பிள்ளை ஒருவன் வேண்டுமே என்று பக்கத்து வீட்டுக்காரனான என்னை உட்காரவைத்தார் அக்கா. தேநீர் ஆறுவதற்குள் மாப்பிள்ளையின் தாய் ஆரம்பித்தார்.

"நீங்க சினிமால ஆடுனவங்களாமே? எங்க குடும்பத்துக்கு அது சரிப்படாது லா."

மகள் சட்டென்று கைபேசியை எடுத்தாள். அக்கா சாகிற காட்சி ஒன்றை ஓடவிட்டாள்.

"நல்லாக் கேளுங்க ஆன்ட்டி. இது எங்கம்மா குரலா?"

குரல் அக்காவுடையது இல்லைதான். ஏழு படத்துக்கும் வேறொருத்திதான் குரல் கொடுத்திருந்தாள். அது தெரிந்துதான் மகள் அப்படிக் கேட்டாள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்க வாயைத் திறந்தேன். அக்கா ஒரே பார்வையில் அடக்கிவிட்டார்.

கைபேசியை வாங்கித் தன் இருபது வயது முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பெரிதாகச் சிரித்தார்.

"சாயல் இருக்கு. ஆனா நான் இல்லீங்க. கடைக்குக் கூட்டம் வரணும்னு நானே கட்டிவிட்ட கதை அது."

அவர்களும் சிரித்தார்கள். கல்யாணம் நிச்சயமாயிற்று. மகள் ஓடிப்போய் வருங்கால மாமியாருக்குக் கார்க் கதவைத் திறந்துவிட்டாள்.

பின்கட்டில் அக்கா கிளாஸ் கழுவிக்கொண்டிருந்தார். திரும்பிப் பார்க்காமலே கேட்டார்.

"நல்லாப் பண்ணேனா தம்பி?"

"நம்பிட்டாங்கக்கா."

ஏழு படத்திலும் யாரோ ஒருத்தி அவருக்காகப் பேசினாள். சொந்தக் குரலில் அக்கா நடித்தது அன்று மட்டும்தான். அதிலும் தன்னையே இல்லை என்று சொல்லவேண்டியிருந்தது. பெற்ற மகளுக்கு வெட்கமென்றால் இருந்துவிட்டுப் போகட்டும். அவர் என் அக்கா என்று எந்தச் சபையிலும் எழுந்து நின்று சொல்வேன்.