எட்வேட் ராசா மட்டும் கறுக்கவில்லை

வியாழக்கிழமை காலையில் மீனாம்பிகை ரீச்சரின் விக்டோரியா மகாராணிக்கு முகத்தைச் சுற்றிக் கறுப்பு வளையம் விழுந்திருந்தது.

கனகலிங்கம் பூதக்கண்ணாடியை எடுத்துப் பார்த்தார். வளையம் இன்னும் பெரிதாகத் தெரிந்தது. பூதக்கண்ணாடியைக் கீழே வைத்துவிட்டார்.

"இஞ்சேரும் பத்மாசினி! ஆரும் என்ரை பெட்டியைத் திறந்தவையோ?"

"உங்கடை பெட்டியைத் திறக்க ஆருக்கு விசர்?" குசினிக்குள்ளிருந்து மனைவியின் குரல் வந்தது. "ஏன், என்ன நடந்தது?"

"ராணி கறுத்துப்போனா."

"வெயிலுக்கை விட்டனீங்களோ?"

கனகலிங்கம் பெட்டிக்குள் குனிந்தார். மாரிக்குப் பிறகு இன்றைக்குத்தான் பெட்டியைத் திறந்திருந்தார். ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தார். முப்பத்தொரு வெள்ளிக் காசில் பதினெட்டுக்கு வளையம். ஒன்பதில் பச்சைப் பிசின். மிச்சம் நாலும் என்ன நிறமென்று சொல்ல அவரிடம் சொல் இல்லை.

காசுகள் அவருடையவை அல்ல, அதுதான் வில்லங்கம். தலைமை எழுதுவினைஞராக ஓய்வு பெற்ற மறுமாதமே, பண்டத்தரிப்பு வாசிகசாலைக்குத் தன்னைத் தானே 'நாணயக் காப்பாளர்' ஆக நியமித்து, அதற்கு ஒரு இறப்பர் முத்திரையும் வெட்டுவித்துக்கொண்டவர் அவர். வீடு வீடாகப் போய், "உந்தக் காசை முடிச்சிலை கட்டி வைச்சு நாசமாக்கிறியள். விஞ்ஞான முறையிலை நான் காத்துத் தாறன்" என்று பேசி, போன மாரிக்குச் சற்று முன்புதான் வாங்கி வந்தவை. பேரனுக்கு அரைஞாண் செய்யவென்று வைத்திருந்த ஐந்து விக்டோரியாவையும் மீனாம்பிகை ரீச்சர் அரை மனதோடுதான் கொடுத்திருந்தார்.

இப்போது பேச்சுவார்த்தைக் காலம். சண்டை ஓய்ந்த இடைவெளியில் லண்டனிலிருந்து டொக்டர் சண்முகநாதன் ஊருக்கு வந்திருந்தார். பெரிய நாணயச் சேகரிப்பாளர் என்று கேள்வி. ஞாயிற்றுக்கிழமை வாசிகசாலைக்கு வந்து காசுகளைப் பார்ப்பார். பிடித்துக்கொண்டால் கண்ணாடி அலுமாரியோடு ஒரு நாணய அறையே கட்டித் தருவார். அந்த அறைக்கு ஆயுட்காலப் பொறுப்பாளர் கனகலிங்கம்.

வாசிகசாலைச் செயலாளர் கதிரவேலு ஒரு நிபந்தனை வைத்திருந்தார். "காசு துலங்கினால் பொறுப்பாளர் கதிரை உங்களுக்கு அண்ணை. இல்லாட்டி எல்லாத்தையும் உடையவையிட்டைக் குடுத்திட்டு, முத்திரையையும் என்னட்டைத் தந்திடுங்கோ."

முத்திரையை நினைத்தபோது கனகலிங்கம் சேர்ட் பொக்கற்றைத் தடவிப் பார்த்துக்கொண்டார்.

அவருடைய முறை எளிமையானது. அடையாள அட்டை போடுகிற மென்மையான பிளாஸ்ரிக் உறைக்குள் காசை வைக்க வேண்டும். சைக்கிள் ரியூபில் வளையம் வெட்டிக் காசைச் சுற்றிப் போட வேண்டும். விளிம்பை மெழுகுதிரியில் உருக்கி ஒட்டிவிட வேண்டும். காற்றுப் போகாது. இதற்காக ஊரில் பாதிப் பேரின் அடையாள அட்டைகள் உறையிழந்து போயிருந்தன. பத்மாசினியின் அட்டை வெறும் மேனியோடு கைப்பைக்குள் கிடந்தது. "என்னை விடக் காசுக்குத்தான் இந்த வீட்டிலை அடையாளம் வேணும்" என்று அவர் சொல்வதுண்டு.

முறைக்கு ஆதாரமும் இருந்தது. அதுதான் எட்வேட் ராசா.

தகப்பன் விட்டுப்போன ஒற்றை வெள்ளி ரூபாய். எண்பத்தாறாம் ஆண்டில் அது கரிச்சட்டி போலக் கறுத்துப்போக, கனகலிங்கம் இரண்டு நாள் சோறு தின்னவில்லை. கடைசியில் அதை உறையில் போட்டு மூடிவிட்டு, பென்சன் அலுவலாகக் கொழும்புக்குப் போனார். இரண்டு கிழமை கழித்துத் திரும்பி வந்து பார்த்தால், ராசாவின் வழுக்கைத்தலை நிலவு மாதிரி மின்னிக்கொண்டிருந்தது! கன்னம்கூடச் சற்று உப்பி, நோய் மாறித் தேறினவர் போல இருந்தார். உச்சந்தலைக்கு மேலே விளிம்பில் இரண்டு சின்னப் புள்ளிகள் வேறு. அவை காசு அடிக்கிற அக்கசாலையின் இரகசிய அடையாளம் என்றும், காசு துலங்கிய பிறகுதான் கண்ணுக்குத் தெரியும் என்றும் கனகலிங்கம் கண்டுபிடித்தார்.

அன்றைக்கே அதற்கு ரியூப் வளையமும் போட்டு நிரந்தரமாக ஒட்டிவிட்டார். ஒன்பது வருடமாக ஒரு பொட்டுக் கறுப்பில்லை. அவர் அதைத் தூக்கி ஆருக்காவது காட்டத் தொடங்கினால் பத்மாசினி எழுந்து குசினிக்குப் போய்விடுவார். பெண்களுக்கு விஞ்ஞானம் பிடிக்காது என்று கனகலிங்கம் விட்டுவிட்டார்.

"கழட்டிப்போட்டு, நல்ல கடுதாசியிலை சுத்தி அரிசிப் பெட்டிக்குப் பக்கத்திலை காய்ஞ்ச இடமாய் வையுங்கோவன்" என்றார் பத்மாசினி இப்போது.

"கடுதாசியோ! உள்ளுக்கை காத்துப் பூந்ததாலைதான் கறுத்தது. இன்னும் இறுக்க வேணும்."

சைக்கிளை எடுத்துக்கொண்டு சந்திக்குப் போனார். அந்தச் சைக்கிளும் ஊரில் பேர் போனது; மற்றவர்களின் சைக்கிள்கள் கறள் தின்று துருப்பிடித்துக் கிடக்க, அதன் ஹாண்டில் மட்டும் இன்னும் முகம் பார்க்கலாம் போலிருக்கும். சந்தியில் லியோனின் ஒட்டுக்கடை. முந்தி குருநகரில் பெரிய பட்டறை வைத்திருந்தவன், ஷெல்லடியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வந்து வேப்பமரத்தின் கீழே ரியூப் ஒட்டிக்கொண்டிருந்தான்.

"ரியூப் வேணும் லியோன். மொத்தமாய்."

"ஐயா, ஊர் முழுக்க ஒரு துண்டு ரியூபுக்கு அலையுது. நீங்கள் காசுக்குச் சட்டை தைக்கிறியள்." ஆனாலும் பழைய ரியூப் ஒன்றை எடுத்துக் கொடுத்தான். "அந்தக் கறுக்காத காசை ஒருக்காப் பாக்கலாமோ ஐயா? எல்லாரும் கதைக்கினம்."

"உதெல்லாம் நாணயவியல். உனக்கு விளங்காது."

வீட்டுக்கு வந்து ஒவ்வொரு காசுக்கும் இரட்டை வளையம் போட்டார். உள்ளே ஈரம் இருக்கலாமென்று வெள்ளிக்கிழமை முழுக்க முற்றத்தில் சுளகில் பரப்பிக் காயவிட்டார். பின்னேரம் சுளகைத் தூக்கினபோது உறைகளெல்லாம் வியர்த்திருந்தன. ஒற்றை வளையம் இருந்த இடத்தில் இரட்டை வளையம். மகாராணி கண்ணுக்கு மை தீட்டி, உதட்டுக்கும் தீட்டியிருந்தார்.

சனிக்கிழமை பழப்புளியும் சாம்பலும்.

"தேய்க்காதேங்கோ" என்றார் பத்மாசினி.

"சும்மா இரும்."

கறுப்பு போனது. கூடவே மகாராணியின் மூக்கும் போனது. மீதிக் காசுகளில் ராசாவா ராணியா என்று பிரித்தறிவது சிரமமாயிற்று. நேரமில்லாத அந்தரத்தில் ஈரத்தோடேயே திரும்ப உறையில் போட்டு ஒட்டினார். ஞாயிறு காலை பார்த்தபோது முப்பத்தொன்றும் நீலம், மண்ணிறம், ஊதா என்று கோயில் கொடியேற்றம் போலக் கிடந்தன.

வாசிகசாலையில் சனம் நிறைந்திருந்தது. டொக்டர் சண்முகநாதன் வரும் வழியில் சைக்கிள் காற்றுப்போய், லியோனும் பம்போடு கூடவே வந்து வாசலில் குந்தியிருந்து ஒட்டுப்போட்டுக்கொண்டிருந்தான்.

டொக்டர் காசுகள் பரப்பிய தட்டைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார்.

"ஆர் இந்தக் கொலையைச் செய்தது?"

கதிரவேலு மிகுந்த மரியாதையோடு கனகலிங்கத்தைக் கைகாட்டினார்.

"எங்கடை லண்டன் கழகத்திலை இது பாலபாடம்" என்றார் டொக்டர். "ரப்பருக்கை கந்தகம் கிடக்கு. கந்தகம் பட்டால் வெள்ளி கறுக்கும். இந்த மெது பிளாஸ்ரிக் நாள்பட ஒரு எண்ணெயைக் கக்கும், அதுதான் உந்தப் பச்சைப் பிசின். ஈரத்தோடை அடைச்சால் அது வெளியிலை போகவும் வழியில்லை. காய்ஞ்ச கடுதாசி உறை போதும். காசை விளிம்பிலைதான் பிடிக்க வேணும். கறுத்தாலும் தேய்க்கவே கூடாது."

பின்வரிசையில் பத்மாசினி கடுதாசி என்ற சொல்லைக் கேட்டு முந்தானையைச் சரிசெய்துகொண்டார்.

"என்ரை ராணியின்ரை மூக்கு எங்கை?" மீனாம்பிகை ரீச்சர் எழும்பிவிட்டார். "பேரனுக்கு இனி உங்கடை முத்திரையையோ அரையிலை கட்டுறது?"

"முத்திரை கொண்டந்தனீங்களோ அண்ணை?" என்று கதிரவேலு கையை நீட்டினார்.

கனகலிங்கம் சேர்ட் பொக்கற்றுக்குள் கையை விட்டார். எடுத்தது முத்திரையை அல்ல.

"அப்ப இதுக்கு என்ன சொல்லுறியள் டொக்டர்? அதே பிளாஸ்ரிக். அதே ரியூப். ஒன்பது வரியம்!"

எட்வேட் ராசாவின் வழுக்கைத்தலை சன்னல் வெளிச்சத்தில் பளீரென்றது. சனம் வாயைப் பிளந்தது. டொக்டர் உறையை வாங்கி இப்படியும் அப்படியும் திருப்பினார். ரப்பர் வளையத்தைப் பார்த்தார். ராசாவைப் பார்த்தார்.

"இது... இது எப்பிடி?"

"முறை பிழையில்லை டொக்டர். இந்த முப்பத்தொண்டுக்கும் பக்குவம் வரக் காலம் காணாது, அவ்வளவுதான். மேலை பாருங்கோ, இரண்டு புள்ளி. அக்கசாலையின்ரை இரகசிய அடையாளம்."

"நான் எந்தப் புத்தகத்திலையும் காணேல்லையே!" டொக்டர் குறிப்புப் புத்தகத்தைத் திறந்தார். "மிஸ்டர் கனகலிங்கம், இதை நான் எங்கடை கழகத்துக்கு எழுத வேணும். உங்கடை பேரிலேயே எழுதலாம். அறைக்கும் நீங்கள்தான் பொறுப்பு."

கதிரவேலு நீட்டிய கையை மெல்ல மடக்கினார். மீனாம்பிகை ரீச்சர் திரும்பவும் உட்கார்ந்துவிட்டார். கனகலிங்கம் நெஞ்சை நிமிர்த்தி, கதிரையை நோக்கி ஓரடி வைத்தார். பத்மாசினி குசினியைத் தேடுகிறவர் போல அங்குமிங்கும் பார்த்தார். வாசிகசாலையில் குசினி இல்லை.

ஒட்டுவேலை முடித்துக் கையைத் துடைத்தபடி உள்ளே வந்த லியோன், டொக்டரின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்தான். அவன் முகம் மலர்ந்தது.

"அட, பத்மாசினி அக்கா, ஐயா கொழும்புக்குப் போயிருக்கேக்கை சைக்கிள் ஹாண்டிலோடை எங்கடை குருநகர்ப் பட்டறைக்குக் கொண்டந்து தந்தனீங்களே, அந்தக் காசெல்லே இது! நான் கம்பியிலை கட்டித் தொங்கவிட்ட தழும்பு இரண்டும் அப்பிடியே கிடக்கு... என்ரை கையாலை குறோம் முலாம் அடிச்சது, பாருங்கோ, ஒரு பொட்டுக் கறள் பிடிச்சிருக்கோ?"