சிந்துஜாவின் வியாழக்கிழமை மருந்து

மஹய்யாவ ஊர் ராஜலிங்கம் அன்றைக்குக் காலையில் ஒரு முடிவோடுதான் எழும்பினான். இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்தே தீருவது! பிடிபட வேண்டியவள் வேறு யாருமில்லை, அவன் மனைவி சிந்துஜாதான்.

விசயம் இதுதான். மூன்று மாதமாக வியாழன்தோறும் அவள் பேராதனைப் பக்கம் ஒரு கிளினிக்குப் போய் வருகிறாள். கிளினிக் போன மனுசர் குளிசையோடு வருவார்களா, கதைப்புத்தகத்தோடு வருவார்களா? இவள் புத்தகத்தோடு வருகிறாள். அங்கே மருந்தே அதுதானாம். மனசுக்கு நல்லதாம்.

"சாப்பாட்டுக்குப் பிறகு ஒரு அத்தியாயம். வாய்விட்டு வாசிக்கணும். நீங்களே வாசிங்க, எனக்குக் கண்ணு கடுக்குது."

"நோய் ஒனக்கு, தொண்டை காயிறது எனக்கா?"

"வாசிங்கன்னா!"

வாசித்தான். முதல் புத்தகத்தில் ஒரு புருசன் பெண்டாட்டியின் கைப்பையைக் கிளறினான். இரண்டாவதில் ஒருத்தன் பெண்டாட்டியின் போனை நோண்டினான். மூன்றாவதில் வந்தவனோ, பெண்டாட்டியைப் பார்த்துப் பால்காரன் சிரித்துவிட்டான் என்று பாலையே நிறுத்திவிட்டான்.

"சீ, இவனெல்லாம் ஒரு மனுசனா!" என்று ராஜலிங்கம் கொதித்தான்.

"ஆமாங்க," என்றாள் சிந்துஜா. "அந்தப் பொம்பள எப்பிடித்தான் இவனோட குடும்பம் நடத்துறாளோ."

அந்த "எப்பிடித்தான்" அவனுக்குச் சுருக்கென்றது. ஓகோ! அங்கே யாரோ இவளுக்குப் பாடம் எடுக்கிறார்கள். புருசனை விட்டுப் போவது எப்படி என்ற பாடம்! பன்னிரண்டு வருசக் குடும்பம். அவள் போய்விட்டால்?

கடையில் அரைநாள் லீவு போட்டான். அவள் ஏறிய பஸ்ஸுக்கு அடுத்த பஸ்ஸைப் பிடித்தான். குடையால் முகத்தை மறைத்துக்கொண்டு கிளினிக் வாசலில் எட்டிப் பார்த்தான்.

"வாங்க ராஜலிங்கம்," என்றது உள்ளே ஒரு குரல்.

மேசைக்குப் பின்னால், மருந்துக்குப் பதில் புத்தகம் எழுதிக்கொடுக்கிற ஜெஸீமா மிஸ். முன்னால் கதிரையில் சிந்துஜா.

"என் பேரு எப்பிடித் தெரியும்?"

மிஸ் கிளினிக் கொப்பியைத் திருப்பிக் காட்டினார். நோயாளி: ராஜலிங்கம். நோய்: எதற்கெடுத்தாலும் சந்தேகம். மருந்து: தன் வாயாலேயே வாசிக்க வேண்டும்.

"நோயாளி வேலைக்குப் போறவர்னு வீட்டுக்காரங்க வந்து மருந்து எடுத்துட்டுப் போறாங்க. எந்தக் கிளினிக்லயும் உள்ள வழக்கந்தானே?"

ஐயையோ! அம்மாவின் பிரஷர் குளிசையை மாதாமாதம் அவனே இப்படித்தானே எடுத்து வருகிறான்!

"எனக்கு ஒரு சந்தேகமும் இல்ல மிஸ்!"

"அப்ப இங்க எதுக்கு வந்தீங்க?"

"சும்மா... இந்தப் பக்கமா..."

"கொளுத்துற வெயில்ல மழைக்குடையோடயா?" என்றாள் சிந்துஜா.

அவனுக்கு அழுகையே வந்துவிட்டது. "நீ விட்டுட்டுப் போயிடுவியோன்னு பயந்துட்டேன் புள்ள."

"போறவ எதுக்குங்க மூணு மாசமா பஸ்ஸுல தொங்கிட்டு வந்து மருந்து எடுக்கணும்?"

ராஜலிங்கத்துக்கு மனசு நிறைந்துவிட்டது. மிஸ்ஸுக்கும் இளகிவிட்டது. ஒரு தாளை நீட்டினார்.

"சரி, குணமாயிட்டீங்க. இதுல ஒரு கையெழுத்துப் போடுங்க, கொப்பியில பேரை வெட்டிடலாம்."

அவன் பேனையை வாங்கினான். தாளை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தான். பிறகு மெல்லப் புரட்டி, பின்பக்கத்தையும் பார்த்தான்.

மிஸ் அலுமாரியைத் திறந்து, இருந்ததிலேயே தடித்த புத்தகத்தை எடுத்துச் சிந்துஜாவிடம் கொடுத்தார்.