மண்டைக்குள் கொட்டகை பழுதான கதை

வலிக்காத மாதிரி நடிப்பதில் இளம் வயதில் என்னை மிஞ்ச ஆளில்லை. குரங்கணியிலிருந்து ஏலத்தோட்டத்துக்கு அரிசி மூட்டை சுமந்த காலம் அது. ஆள் எடுக்கும்போது கங்காணி தோளில் முஷ்டியால் ஓர் இடி இடிப்பார். முகம் சுளித்தவனுக்கு அன்று சுமையும் இல்லை, கஞ்சியும் இல்லை. நான் சிரிப்பேன். (பசி அப்படிச் சிரிக்க வைக்கும்.)

எனக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். அதை நம்பித் தோட்டத்து டாக்டரிடம் கையாள் வேலை கேட்டுப் போனேன். கிடைத்தால் மூட்டைக்கு முழுக்குப் போட்டுவிடலாம்.

டாக்டர் என் கண்ணைத் துணியால் கட்டினார். "நோயாளிக்கு உணர்ச்சி இருக்கான்னு சோதிக்கணும். மொதல்ல உன்கிட்டயே செஞ்சு காட்டுறேன்" என்று முழங்காலில் ஊசியால் குத்தினார்.

"வலிக்குதா?"

ஆள் எடுக்கும் பரீட்சையே இதுதான் என்று முடிவு கட்டினேன். "இல்லீங்கய்யா!"

வெந்நீர்ப் புட்டியை முதுகில் வைத்தார்.

"ஒண்ணுமே தெரியலீங்கய்யா!" (கண்ணீரைக் கண்கட்டுத் துணி குடித்துக்கொண்டது.)

டாக்டரின் குரல் மாறியது. "அடிவாரத்து மூட்டைய நடுக்கொட்டகையில வேற ஆள் வாங்கி மேல கொண்டு போறான்ல? ஒடம்புல படுற சூடு, குத்து எல்லாம் அப்படித்தான் போகுது. மூளைக்கு நடுவுல தலாமஸ்னு ஒரு கொட்டகை. அது வாங்கி மேல்மூளைக்கு அனுப்பினாத்தான் நமக்குத் தெரியும். ஒனக்குக் கொட்டகையே பழுதுப்பா!"

போடி ஆஸ்பத்திரிக்கு என்னை டோலியில் ஏற்றிவிட்டார். உண்மையைச் சொன்னால் கையாள் வேலை கிடைக்காது என்று நானும் ஏறிப் படுத்துக்கொண்டேன். பிறந்ததிலிருந்து முதன்முறையாக நானே சுமையானேன்.

டாக்டர் சொன்னதையெல்லாம் வாசலில் நின்று கேட்டிருந்த, என்னோடு மூட்டை சுமக்கும் மாயாண்டிதான் டோலிக்கு முன்ஆள். ஒரு வளைவில், "என்னா கனம் கனக்குறான்! செத்த எறக்குங்கப்பா, இவனுக்குத்தான் எங்க வச்சாலும் தெரியாதுல்ல" என்று பாதையோரம் என்னைக் கிடத்தினான். கிடத்திய இடம் செந்தட்டிப் புதர். தொட்டாலே தீயாய் எரியும் செடி.

"ஆத்தாடீ!"

போடிமெட்டு வரைக்கும் கேட்டிருக்கும். துள்ளி எழுந்து முதுகைச் சொறிந்துகொண்டே மேலே டாக்டரிடமே ஓடினேன். "ஏலேய், கொட்டகை தெறந்துருச்சுடோய்!" என்று மாயாண்டி பின்னால் கத்திக்கொண்டே வந்தான்.

வலிக்காத மாதிரி நடித்ததை நான் சொன்னதும் டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். "தனக்கு வலிக்கிறதையே சொல்லாதவன், அடுத்தவன் வலிய எங்கிட்ட எப்படிடா வந்து சொல்லுவே?"

மறுநாள் மறுபடியும் அரிசி மூட்டை.

பின்னாளில் மாயாண்டியின் தங்கையைத்தான் கட்டினேன். இன்றும் உடம்புக்கு முடியவில்லை என்று நான் படுத்தால், என் தொடையில் அவள் நறுக்கென்று கிள்ளுவாள்.

"வலிக்குதா?"

"வலிக்குதுடீ!"

"அப்பக் கொட்டகை தெறந்துதான் கெடக்கு. வெரசா எந்திரிச்சு வெறகப் பொளங்க."