பகல் பதினொன்று முதல் நான்கு வரை

எட்டு வீட்டையும் இருட்டிலிருந்து காப்பாற்றவே நான் பிறந்திருக்கிறேன் என்பது, ஒன்றாம் தேதி காலை பல் தேய்க்கும்போதுதான் எனக்கே தெரிந்தது.

எங்கள் குடியிருப்பின் மொட்டை மாடியில் சோலார் பலகைகள். படிக்கட்டுக்குக் கீழே பீரோ அளவில் ஒரு பேட்டரி. எட்டு வீட்டுக்கும் அது ஒன்றுதான். பகலெல்லாம் வெயில் கொட்டும், அந்த மின்சாரத்தைச் சீந்த ஆள் இருக்காது. ஆறரைக்கு எல்லாரும் வேலை முடிந்து வந்து வாஷிங் மெஷின், மிக்ஸி, இஸ்திரிப்பெட்டி என்று ஒரே நேரத்தில் பாய்வார்கள். எட்டு மணிக்குப் பேட்டரி காலி. வெளி மின்சாரமோ வந்தால் வரும்.

அன்று காலை என் மனைவிதான் ஆரம்பித்தாள். அவள் ஆஸ்பத்திரியில் மருந்து கொடுப்பவள்.

"மாடி வீட்டுத் தையல்காரப் பொண்ணு நேத்தும் டார்ச் வெளிச்சத்துலதான் தைச்சிருக்கா. பகல்ல கடை வேலை, ராத்திரி சொந்த வேலை. பாவம். மூளை உள்ளவங்க யாராவது ஒரு வழி பண்ணா தேவலை."

"ஏன், நான் இல்லையா?"

"உங்களுக்கு எதுக்குங்க வீண் சிரமம்."

விடுவேனா? அன்று மாலையே கூட்டம் போட்டேன். கனமான மெஷின்களெல்லாம் பகல் பதினொன்றிலிருந்து நான்குக்குள், வெயில் இருக்கும்போதே ஓட வேண்டும். பேட்டரி மாலையில் விளக்குக்கும் ஃபேனுக்கும் தையல் மெஷினுக்கும் மட்டும். மீறும் வீட்டுக்கு ஒரு வாரம் பேட்டரி கிடையாது. பகலில் வீட்டில் இருப்பவர்கள் ஓட்டிக்கொள்ளட்டும் என்று எட்டு வீடும் கையெழுத்துப் போட்டது. முதல் கை தூக்கியவள் என் மனைவி. எனக்குப் புல்லரித்துவிட்டது.

நான் வீட்டிலேயே உட்கார்ந்து அச்சகத்துக்குப் பிழை திருத்துபவன். ஒன்றிலிருந்து நான்கு வரை தூக்கம். அதற்காகத்தான் உயிரோடு இருக்கிறேன் என்றாலும் தப்பில்லை. மறுநாள் தலையணையைத் தட்டிப் போட்டேன். போன் அடித்தது. மனைவிதான்.

"துணி போட்டாச்சா?"

"எந்தத் துணி?"

"நம்ம துணிதான். நான் வர ஆறரை ஆகும். அப்ப மெஷின் போடக்கூடாதே."

"நாளைக்குப் பாத்துக்கலாமே."

"நாளைக்கும் நான் ஆறரைக்குத்தான் வருவேன்."

"ஒரு நாள் மீறினா என்ன?"

"தீர்மானம் எழுதினவர் வீட்லயே பேட்டரிய நிறுத்தினா நல்லாவா இருக்கும்? மிக்ஸி ஜார் கழுவி வச்சிருக்கேன். இஸ்திரிக்கு அஞ்சு சட்டை. காலரை முதல்ல தேயுங்க."

ஊரார் பிழையெல்லாம் திருத்துகிறவன், பகலில் எங்கள் வீட்டில் இருக்கும் ஒரே ஜீவன் நான்தான் என்பதைக் கவனிக்காமல் விட்டிருக்கிறேன். துவைத்தேன், அரைத்தேன், தேய்த்தேன். ஒரு சட்டையில் முக்கோணமாகக் கருகியது. அதுவும் என் சட்டை.

நாலாம் நாள் கெஞ்சிப் பார்த்தேன்.

"அந்த நேரத்தை ராத்திரி ஏழு வரைக்கும் நீட்டலாம்னு ஒரு யோசனை."

"தாராளமா நீட்டுங்க. மாத்தணும்னா எட்டு வீடும் கையெழுத்துப் போடணும்னு நீங்களே எழுதியிருக்கீங்க. நான் போடமாட்டேன்."

ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். இப்போதெல்லாம் எட்டு மணிக்குப் பேட்டரியில் பாதிக்கு மேல் மிச்சம். மேலே தையல் மெஷின் நிற்காமல் ஓடுகிறது. என் மனைவி காலை நீட்டி உட்கார்ந்து டீ குடிக்கிறாள். கல்யாணமாகி இருபத்திரண்டு வருஷத்தில் மாலை நேரத்தில் அவள் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. எனக்கு வெட்கமாகவும் இருந்தது, சந்தோஷமாகவும் இருந்தது. போகட்டும், தூக்கம்தானே, யோசனை என்னுடையது என்ற பெருமையாவது மிஞ்சியதே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

பத்தாம் தேதி மாலை தையல்காரப் பெண் இறங்கி வந்தாள். கையில் ஒரு பொட்டலம்.

"உங்களாலதான் அண்ணே என் மெஷின் ஓடுது. சின்னப் பரிசு."

பிரித்தேன். சமையலறையில் கட்டிக்கொள்ளும் ஏப்ரன். மார்பில் பை, தொப்பைக்குத் தாராளமாக இடம். கட்டிப் பார்த்தேன், கச்சிதம்.

"அளவு சரியா இருக்கா அண்ணே?" என்றாள் அவள். "அக்கா போன மாசமே அளவு குடுத்துட்டாங்க."