சம்பந்திக்கு ஒரே தோட்டத்துக் காபி

பிள்ளைகளுக்குக் கல்யாணம் பேசத் தொடங்கியதும் பெற்றவர்களுக்குப் புத்தி கொஞ்சம் மட்டுப்படும். எனக்கு அது கொஞ்சத்தோடு நிற்கவில்லை. அப்போது நான் காரைக்குடியில் ஒரு பள்ளியில் வேதியியல் ஆசிரியை. படித்த படிப்பு முழுவதையும் ஒரே வாரத்தில் எனக்கு எதிராகவே பயன்படுத்தினேன்.

தொண்ணூறுகளின் கடைசி அது. என் மகன் அமல் பெங்களூரில் வேலையில் இருந்தான். கூட வேலை பார்த்த ரோஸ்லினைக் கட்டிக்கொள்ள ஆசைப்பட்டான். எங்களுக்கு மறுப்பு இல்லை. (மறுத்துப் பார்த்தோம். அவன் கேட்கவில்லை.) இழுத்துக்கொண்டிருந்தவர் பெண்ணின் அப்பா செபாஸ்டியன். ஏற்காட்டுக்காரர். குளிரில் வளர்ந்த பெண்ணை இப்படி ஒரு வெயில் ஊரில் கொடுப்பதா என்று அவருக்குத் தயக்கம். கடைசியில், "வீட்டை வந்து பார்க்கிறோம், பிறகு சொல்கிறோம்" என்று தகவல் அனுப்பினார்.

அமல் போனில் ஒரே ஒரு எச்சரிக்கைதான் கொடுத்தான்.

"அம்மா, அவரு வேலையே காபி ருசி பாக்குறதுதான். எஸ்டேட் கம்பெனியில ரிட்டயர் ஆகுற வரைக்கும் அதைத்தான் பாத்தாரு. நம்ம வீட்டு டிகாஷனை மட்டும் குடுத்துறாத. கொஞ்சம் சுமாரா இருந்தாப் போதும்."

சுமாராக இருந்தால் போதும் என்று மகன் சொன்னதை நான் கேட்கவில்லை. ருசி பார்ப்பவர் என்பது மட்டுமே காதில் விழுந்தது. எங்கள் வீட்டில் சிக்கரி கலந்த தூள். பாதிக்குப் பாதி என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தச் சமயத்தில்தான் எங்கள் தெருமுனை எஸ்.டி.டி. பூத்தை நாகப்பன் பிரவுசிங் சென்டராக மாற்றியிருந்தார். உள்ளே ஏ.சி., செருப்பை வெளியே விட வேண்டும்.

"வாங்க டீச்சர். ரிசல்ட் பாக்க வந்தீகளா?"

"காபிக்கொட்டை வாங்கணும்."

அவர் என்னைப் பார்த்தார். கம்ப்யூட்டரைப் பார்த்தார். "இதுலயா?"

கம்ப்யூட்டரில் எல்லாம் கிடைக்கும் என்று அமல் சொல்லியிருந்தான். தேடினோம். சிக்மகளூர் மலையில் ஒரு தோட்டக்காரர் சொந்தமாக ஒரு பக்கம் வைத்திருந்தார். அது தவக்காலம் மாதிரி நீண்டு நீண்டு திறந்தது. ஒரே தோட்டத்தில் விளைந்த கொட்டை, வேறு எதுவும் கலப்பதில்லை, கேட்ட பிறகுதான் வறுப்போம், பணத்தைத் தபால்காரரிடம் கட்டினால் போதும் என்று எழுதியிருந்தது. எனக்கு ஜெபம் கேட்கப்பட்ட மாதிரி இருந்தது. கொட்டையாக வேண்டுமா, பொடியாக வேண்டுமா என்று ஒரு கேள்வியும் இருந்தது.

"பொடின்னே போட்டுருவமா டீச்சர்? சுளுவா இருக்கும்" என்றார் நாகப்பன்.

"பொடியாக்குனா பரப்பளவு கூடும் நாகப்பன். காத்துப் பட்டு மணம் சீக்கிரம் போயிரும். கொட்டைன்னு போடுங்க."

"அப்படியா. நான் டீதான் டீச்சர்."

விருந்தாளிகள் வருவதற்கு முந்தின நாள் பார்சல் வந்தது. பிரித்ததும் வீடு முழுக்க ஒரு மணம். என் கணவர் மின்வாரியத்தில் இருந்தவர், எதற்கும் அலட்டிக்கொள்ளாதவர். அவரே அறையிலிருந்து எழுந்து வந்து பார்த்தார். "மேரி, இதை எப்படி அரைப்ப?" என்று கேட்டார்.

அந்த நிமிடம்வரை நான் அதை யோசிக்கவில்லை.

மிக்ஸியில் போட்டேன். பாதி தூசியாகவும் பாதி சரளைக்கல்லாகவும் வந்தது, மோட்டாரிலிருந்து வேறு ஒரு வாசனையும் வந்தது. காபித்தூள் கடைக்குப் போயிருந்தால் அரைத்துக் கொடுத்திருப்பார்கள். ஆனால் கல்யாணமாகி வந்த நாளிலிருந்து தூள் வாங்குகிற கடையில் வேற்றூர்க் கொட்டையை எந்த முகத்தோடு நீட்டுவது? பையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டு அந்தக் கடையைத் தாண்டி நடந்தேன். அடுத்து இருந்தது மாவு மில்.

மில்லை நடத்துகிற பாக்கியம் அக்கா என்னைவிட மூத்தவர். "என்ன டீச்சர், உளுந்தா?"

"காபிக்கொட்டைக்கா."

"முன்னாடி மிளகாய் ஓடியிருக்கு. கைப்பிடி அரிசி விட்டு எடுத்துருவமா?"

மிளகாய் ஓடிய மிஷினில் கொஞ்சம் அரிசியை ஓட்டி எடுத்த பிறகே அடுத்ததைப் போடுவது எங்கள் ஊரில் கைக்குழந்தைக்கும் தெரிந்த வழக்கம். எனக்கும் தெரியும். ஆனால் என் மனதில் கம்ப்யூட்டரில் படித்த வாசகம் ஓடிக்கொண்டிருந்தது.

"அரிசி கலக்கக் கூடாதுக்கா. இது ஒரே தோட்டத்துக் கொட்டை."

பாக்கியம் அக்கா பைக்குள் எட்டிப் பார்த்தார். "சரி டீச்சர். ஒங்க தோட்டம்."

வீட்டுக்கு வந்து டப்பாவைத் திறந்ததும் கணவர் தும்மினார். புதிதாக வறுத்தால் நெடி இருக்கத்தான் செய்யும் என்று அவருக்கு விளக்கினேன். நிறையப் பாலும் சர்க்கரையும் போட்டு இருவரும் குடித்துப் பார்த்தோம். தொண்டையில் இலேசாக ஒரு சூடு இறங்கியது.

"சுக்குக் காபி மாதிரி இருக்கு. சளிக்கு நல்லது" என்றார்.

"தரமான காபின்னா அப்படித்தான்" என்றேன். (எந்த ஆதாரமும் இல்லாமல் இவ்வளவு உறுதியாக நான் வகுப்பில்கூடப் பேசியதில்லை.)

மறுநாள் செபாஸ்டியனும் அவர் மனைவி எலிசபெத்தும் வந்தார்கள். அமல் பஸ் ஸ்டாண்டிலிருந்தே அழைத்து வந்தான். செபாஸ்டியன் ஒல்லியான மனிதர், அளந்து பேசுபவர். முற்றத்தைப் பார்த்தார், தூண்களைப் பார்த்தார், கர்சீப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "வெயில் ஜாஸ்திதானுங்க" என்றார். அமல் முகம் வாடியது. இனிக் காப்பாற்றினால் காபிதான் காப்பாற்ற வேண்டும் என்று சமையலறைக்குப் போனேன்.

"ஒரே தோட்டத்துக் காபி. நேத்துத்தான் வந்துச்சு" என்று டம்ளர்களை நீட்டினேன்.

முதல்முறையாக அவர் முகம் மலர்ந்தது. "அப்படீங்களா? எனக்குப் பால், சர்க்கரை வேண்டாங்க. வெறும் டிகாஷன் கொஞ்சம், ஒரு ஸ்பூன், போதுங்க."

கொண்டுவந்து கொடுத்தேன். மோந்து பார்த்தார். புருவம் சுருங்கியது. ஸ்பூனில் எடுத்தார். பிறகு புதுத் துணியைச் சரக்கென்று கிழிக்கிற மாதிரி ஒரு சத்தத்தோடு உறிஞ்சினார். அவர்கள் தொழிலில் அப்படித்தானாம். மூச்சோடு சேர்த்து வேகமாக உறிஞ்சினால்தான் காபி தூவானமாகத் தெறித்து, நாக்கின் எல்லா மூலைக்கும் தொண்டைக்கும் போகுமாம். எனக்கு இது பின்னால்தான் தெரிந்தது.

போயிற்று. எல்லா மூலைக்கும் போயிற்று.

அவர் இருமவில்லை. இரும முயற்சி செய்தார். முகம் சிவந்து, கண்ணில் நீர் கொட்டி, ஒரு கையால் நாற்காலியையும் மறு கையால் என் மகனையும் பிடித்துக்கொண்டார். எலிசபெத் முதுகில் தட்டினார். எங்கள் வீட்டுத் திருஇருதய ஆண்டவர் படத்துக்கு முன்னாலேயே ஒரு மனிதர் போய்ச் சேரப் போகிறார், அதுவும் என் கையால், என்று நினைத்தேன். அந்த நொடியில்தான் பாக்கியம் அக்காவின் மில் கண்முன் வந்தது.

கணவர் தண்ணீரோடு ஓடி வந்தார்.

எனக்குள் இருந்த ஆசிரியை தாமதமாக விழித்தாள். மிளகாய்க் காரம் தண்ணீருக்கு அடங்காது, பாலுக்குத்தான் அடங்கும். ஆனால் பால் வேண்டும் என்றால் மிளகாய் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். மகனின் கல்யாணமா, ஒரு மனிதரின் உயிரா என்று நான் யோசித்தேன். கொஞ்ச நேரம்தான். ஆனாலும் யோசித்தேன்.

"தண்ணி வேணாம்ங்க, பாலைக் குடுங்க" என்றேன்.

பால் சட்டியோடு வந்தது. செபாஸ்டியன் குடித்து முடித்து, கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, வராத குரலில் பேசினார்.

"ஒரே தோட்டத்துக் காபின்னு சொன்னீங்களே. இதுல ரெண்டு ஊர் இருக்குதுங்க."

பால் சட்டியைக் கீழே வைத்தார்.

"ஒண்ணு சிக்மகளூர்ப் பக்கம். நல்ல கொட்டை." கொஞ்சம் இருமினார். "இன்னொண்ணு ராமநாதபுரம் முண்டு மிளகாய்."

"ரெண்டுமே நல்ல சரக்குதான், சம்பந்தி" என்றார் என் கணவர்.

சம்பந்தி என்று அதற்குள் யாரும் யாரையும் ஏற்றுக்கொண்டிருக்கவில்லை. எலிசபெத் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு திரும்பிக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன். காலையிலிருந்து நான் சமைத்து வைத்த கோழியையும் நண்டையும் விட்டுவிட்டுச் செபாஸ்டியன் தயிர்ச்சோறு மட்டும் சாப்பிட்டார். கிளம்பும்போது கல்யாணப் பேச்சே எடுக்கவில்லை.

அவர்களை பஸ் ஏற்றிவிட்டு வந்த அமல் வாசலிலேயே நின்றான். "சுமாரா இருந்தாப் போதும்னு சொன்னேன்லம்மா" என்றான். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

அடுத்த சில நாட்கள் ஏற்காட்டிலிருந்து தகவல் இல்லை. போன் மணி அடித்தால் நான் கணவரை அனுப்பினேன். (மீதித் தூளை அவர் வீணாக்கவில்லை. கடைசி ஸ்பூன் வரை குடித்தார். அந்த வருடம் சளியே பிடிக்கவில்லை என்று சாதிக்கிறார்.) ஒரு மாலை அவர் வெளியே போயிருந்ததால் நானே எடுக்க வேண்டியதாயிற்று. எலிசபெத்.

"டீச்சர், கல்யாணத் தேதி பேசலாங்களா?"

"அவுகளுக்குச் சம்மதமா?" என்று கேட்டேன்.

"அவரை யாருங்க கேட்டா? கட்டுன நாள்ல இருந்து நான் போடுற காபியில குறை சொல்லாத நாள் இல்லீங்க. தண்ணி கொதிச்சிருச்சு, தூள் பழசு, டம்ளர்ல சோப்பு வாசனை. உங்க வீட்டுக்கு வந்துட்டுப் போனதுல இருந்து குடுத்ததைக் குடிச்சுட்டு டம்ளரையும் கழுவி வெக்கிறாருங்க. இந்தச் சம்பந்தம்தான்னு நான் முடிவு பண்ணிட்டேன்."

கல்யாணம் நடந்தது. வெயில் பற்றிய பேச்சு அதற்குப் பிறகு எழவில்லை.

இப்போதெல்லாம் சம்பந்தி எங்கள் வீட்டுக்கு வந்தால், டம்ளரை வாங்கியதும், "டீச்சர், இதுல எத்தனை ஊருங்க?" என்று கேட்பார். ஒன்றுதான் என்பேன். ரோஸ்லின் முதல் பேரன் வரை எல்லாரும் சிரிப்பார்கள். நான் சிரிப்பதில்லை. முதல் வாய் உள்ளே போய், அவர் சாதாரணமாக மூச்சு விடுகிறவரை நான் மூச்சு விடுவதில்லை.

ஏற்காட்டில் அவர் இன்னமும் வெறும் டிகாஷன்தான் குடிக்கிறாராம். எங்கள் வீட்டில் மட்டும் பாலைக் கேட்டு வாங்கி, விளிம்புவரை நிரப்பிக்கொண்டு, சத்தமே இல்லாமல் குடிக்கிறார்.