மேஜருக்குப் போட்ட வேலி

மேஜர் மறுபடியும் வேலி தாண்டிவிட்டான்.

"இன்னையோட சரி! நாளைக்குப் போடுறேன் பாரு ஒரு வேலி. அவன் இந்தக் கொல்லையை விட்டு ஒரு அடி வெளியே வச்சிட்டா, நான் மீசையை எடுத்துடுறேன்!"

அப்பாசாமி இப்படிச் சபதம் போட்டபோது அவர் வேட்டியில் பாதி சேறு. காலில் ஒரு செருப்புதான் இருந்தது. ஒரு கை மேஜரின் கழுத்துப்பட்டையைப் பிடித்திருந்தது. மூச்சு வாங்கியவர் அவர்தான். மேஜர் வாலை ஆட்டிக்கொண்டிருந்தான்.

அது கறுப்பு நாய். காஜா பெராங் வட்டாரத்தில் அதற்குத் தெரியாத சந்து கிடையாது. மூன்று வேளையும் மரவள்ளிக்கிழங்கு என்றாகிவிட்ட காலம். எந்த வீட்டில் கருவாடு சுட்டாலும் மேஜர் அங்கே போய் நிற்பான். அவனுக்குப் பின்னால் அப்பாசாமி ஓடுவார்.

அந்த ஓட்டத்தைத்தான் அவர் மனைவி சந்திரமதியால் தாங்க முடியவில்லை. சயாமில் ரயில் பாதை போட ஜப்பான்காரன் ஆள் பிடித்துக்கொண்டிருந்தான். லோரி வரும். தெருவில் நிற்கிற தமிழனை ஏற்றும். போய்விடும். பக்கத்து ஊர் செமாபோக்கில் தைலம் வாங்கக் கடைக்குப் போன ராஜரத்தினம் இன்னும் வீடு திரும்பவில்லை. இன்றைக்கு அப்பாசாமி நாயைத் துரத்திக்கொண்டு ஓடியபோதும் லோரி முக்குத் திரும்பியது. பக்கத்து வீட்டு நல்லையா அவரைச் சட்டையைப் பிடித்துத் தன் வீட்டுக்குள் இழுத்துக் கதவைச் சாத்தியிருக்காவிட்டால், சந்திரமதி யாரைத் தேடிப் போவாள்?

"என்னை எப்படிப் பிடிப்பான்? நான் கவர்மென்ட் கிளார்க்!"

"கிளார்க்கா இருந்தீங்க. இப்போ கிழங்குக்குத் தண்ணி ஊத்துறீங்க."

"நாலு வார்த்தை இங்கிலீஷ்ல எடுத்துச் சொன்னா…"

"போன மாசம் பாலத்துல காவல் நின்ன ஜப்பான்காரன்கிட்ட சொன்னீங்களே. ஒரு பக்கக் கன்னம் பணியாரம் மாதிரி வீங்கிப் போச்சு."

அப்பாசாமி பேச்சை வேலிப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

விடிந்ததும் வேலை ஆரம்பமானது. கோழிக்கூட்டுத் தகரம், உடைந்த கட்டில் சட்டம், முள்கம்பி என்று கைக்குக் கிடைத்ததெல்லாம் வேலியாயிற்று. மேஜர் தோண்டாமல் இருக்க அடியில் கருங்கல் பதித்தார். ஆச்சரியம் என்னவென்றால், எதைச் செய்தாலும் குறை சொல்லும் சந்திரமதி கூடவே நின்று ஆணி எடுத்துக் கொடுத்தாள்.

"இன்னும் கொஞ்சம் உசரமா போடுங்க."

"நாய்க்கு எதுக்குடி இவ்வளவு உசரம்?"

"மேஜராச்சே! பதவிக்கேத்த உசரம் வேணாமா? அந்தப் பின்பக்கத்துப் படலையும் தகரம் வச்சு அடிச்சிருங்க."

"அப்போ நான் எப்படி வெளியே போறது?"

"சமையல்கட்டு வழியா வந்து முன்வாசல்ல போங்க. வாசல் வச்ச வேலிக்கு என்னங்க வேலை?"

நியாயம்தான் என்று பட்டது. கல்யாணமான நாளிலிருந்து இவ்வளவு பணிவாக அவள் யோசனை சொன்னதே இல்லை. அப்பாசாமிக்கு நெஞ்சு நிமிர்ந்துவிட்டது. அந்த வேகத்தில் படலை இறுக்கி அடித்தார். கடைசி ஆணி இறங்கியதும் வேலியை உலுக்கிப் பார்த்தார். அசையவில்லை.

"டேய் மேஜர்! வாடா, வந்து உன் கோட்டையைப் பாரு!"

மேஜரைக் காணோம். கிழங்குச் செடிகளுக்குள் தேடினார். அங்கேயும் இல்லை. அப்போது பின்னால் சமையல்கட்டுத் தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

"சந்திரா, கதவு அடைச்சுக்கிச்சு பாரு!"

"அடைச்சுக்கலை. நான்தான் அடைச்சேன். சத்தம் போடாதீங்க."

அடுத்த நிமிஷம் வாசலில் லோரி வந்து நின்றது.

அப்பாசாமி வேலிக்கு ஓடினார். ஏறிப் பார்த்தார். தகரம் வழுக்கியது, முள்கம்பி கையைக் கீறியது. தன் கைவேலை எவ்வளவு உறுதியானது என்று அப்போதுதான் அவருக்கு முழுசாகப் புரிந்தது. திரும்பி வந்து சமையல்கட்டுக் கதவோரம் பதுங்கினார். உள்ளே பூட்ஸ் சத்தம். ஒரு சிப்பாய் ஏதோ அதட்டினான். கூட வந்தவன் அதைத் தமிழில் கேட்டான்.

"உன் புருஷன் எங்கே?"

"புக்கிட் காதில் பக்கம் கிழங்கு வாங்கப் போயிருக்காருங்க."

"இந்தக் கதவுக்குப் பின்னால யாரு?"

"நாய்ங்க. வெறி பிடிச்சிருச்சு. அதான் அடைச்சு வச்சிருக்கோம்."

"நாயா? சத்தத்தையே காணோமே?"

தாழ்ப்பாள் மெல்ல நகர்ந்தது. அப்பாசாமியின் முதுகில் வியர்வை ஓடியது.

"மேஜர்!" சந்திரமதி கத்தினாள். "குரைக்காதே! ஆளுங்க வந்திருக்காங்க. குரைக்கவே கூடாது, தெரியுதா?"

அப்பாசாமி மேஜரைத் தேடிச் சுற்றுமுற்றும் பார்த்தார். பிறகுதான் விளங்கியது. வாயைத் திறந்தார். முதலில் இருமல் மாதிரிதான் வந்தது.

"…வள்."

தாழ்ப்பாள் நின்றது.

கவர்மென்ட் கிளார்க் மண்டியிட்டார். கதவை நகத்தால் பிறாண்டினார். உறுமினார். வள்வள்ளென்று கத்திக் கதவில் மோதினார். உள்ளே துப்பாக்கி க்ளிக்கென்றது.

"கதவோட சேர்த்துச் சுட்டுடவான்னு கேட்கிறாரு."

அப்பாசாமிக்குக் குரைப்பு பாதியில் நின்றது. நிறுத்தினால் சந்தேகம் வரும். தொடர்ந்தால் குண்டு வரும். இரண்டுக்கும் நடுவில் ஒரு முனகல் போட்டுவைத்தார்.

"தாராளமா சுடுங்க," என்றாள் சந்திரமதி. "ஆனா ரத்தம் மேல தெறிச்சாலே வெறி ஒட்டிக்குமாம். டாக்டர் சொன்னாரு. நீங்கதான் கதவுக்குப் பக்கத்துல நிக்கிறீங்க, பார்த்துக்குங்க."

தமிழ் பேசியவன் அதை மொழிபெயர்த்தான். அவள் சொன்னதைவிட நீளமாகவே சொன்னான். பூட்ஸ் சத்தம் வேகமாக வாசலுக்குப் போனது. லோரி கிளம்பி, தெருமுனை தாண்டி, சத்தம் தேய்ந்தது.

அப்பாசாமி கதவில் சாய்ந்து உட்கார்ந்தார்.

"லோரி வரும்னு உனக்குத் தெரியுமா?"

"வீடு வீடா வரப் போறாங்கன்னு நேத்தே நல்லையா அண்ணன் சொல்லிட்டாரு."

"என்கிட்ட ஏன் சொல்லலை?"

"சொன்னா வாசல்ல போய் நின்னு இங்கிலீஷ் பேசுவீங்க."

"மேஜர் எங்கே?"

"அண்ணன் வீட்டுக் குளியலறையில. காலையிலேயே கட்டிட்டு வந்துட்டேன்."

"அப்போ இந்த வேலி…"

கதவு ஒரு சாண் திறந்தது. அவித்த கிழங்கோடு ஒரு தட்டு வந்தது. அதை நீட்டிய கை வெடவெடவென்று ஆடிக்கொண்டிருந்தது. அப்பாசாமி சண்டைக்கு எடுத்து வைத்திருந்த வார்த்தைகளையெல்லாம் விழுங்கிவிட்டுத் தட்டை வாங்கிக்கொண்டார்.

"நாளைக்கும் வருவாங்களாம்," என்றாள் சந்திரமதி. "அவங்க வந்துட்டுப் போற வரைக்கும் இங்கேயே இருங்க. அப்புறம், ஒண்ணு சொன்னா கோவிச்சுக்காதீங்க."

"சொல்லு."

"மேஜருக்கு இன்னும் கொஞ்சம் கனத்த குரல். சாப்பிட்டுட்டுப் பழகிக்குங்க."